ஒன்றுக்கு ஸ்லைடர், ஒன்றுக்கு விரல்: ஜூனோ-106-உம் டிஎக்ஸ்7-உம்

யமஹா டிஎக்ஸ்7 என்ற சிந்தசைசர் கீபோர்டில் 'இ.பியானோ 1' என்ற டோனை எடுத்துக்கொண்டு, நடுவிலுள்ள ஒரு கட்டையை மெல்ல அழுத்துங்கள். உருண்டையாக, கொஞ்சம் தூக்கக் கலக்கத்தோடு ஓர் ஒலி வரும். அதே கட்டையை இப்போது ஓங்கி அடியுங்கள். சத்தம் கூடுவதோடு நிற்காது. கண்ணாடி டம்ளரில் ஸ்பூன் பட்ட மாதிரி 'டிங்' என்று ஒரு முனை முன்னால் முளைக்கும், அடுத்த நொடியே அது மறைந்து பின்னாலிருக்கும் உருண்டை ஒலி மட்டும் மிஞ்சும்.

பக்கத்திலேயே இன்னொரு சிந்தசைசர், ரோலண்ட் ஜூனோ-106 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே கட்டை. மெல்ல அழுத்தினால் ஓர் ஒலி. ஓங்கி அடித்தால் அதே ஒலி. துளி வித்தியாசம் கிடையாது. எவ்வளவு வேகத்தில் அடித்தீர்கள் என்பது ஜூனோவின் கட்டைகளுக்குத் தெரியாது. அழுத்தினீர்களா, விரலை எடுத்துவிட்டீர்களா, அவ்வளவுதான் தெரியும்.

சரி, வலது கையால் அந்தக் கட்டையைப் பிடித்தபடியே இடது கையை மேலே கொண்டுபோய், விசிஎஃப், அதாவது ஃபில்டர் (ஒலி வடிகட்டி), என்று எழுதியிருக்கும் பகுதியின் முதல் ஸ்லைடரைக் கீழே இழுத்துவிட்டு, மெதுவாக மேலே தள்ளுங்கள். வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று முனகுகிறவர் மெல்ல உதட்டைத் திறந்து 'ஊ' என்றும் 'ஓ' என்றும் போய் 'ஆ'வில் நிற்பது போல இருக்கும். உவமைக்காகச் சொல்லவில்லை. நம் தொண்டையில் பிறக்கும் ஒரே ஒலியை வாய் வடிகட்டித்தான் உயிரெழுத்துகளாக்குகிறது. ஜூனோவின் ஃபில்டர் செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலை. இப்படி ஒரே இழுப்பில் ஒலியைத் திறந்து மூடும் ஸ்லைடர் டிஎக்ஸ்7-இன் முகத்தில் எங்குமே இல்லை.

டிஎக்ஸ்7 வந்தது 1983-இல், ஜூனோ-106 அதற்கடுத்த வருடம். இரண்டுக்கும் 61 கட்டைகள், இரண்டிலும் மிடி (கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இணைப்பு) உண்டு. அமெரிக்காவில் அப்போது முதலாவதன் விலை 1,995 டாலர், இரண்டாவதன் விலை 1,095 டாலர். நாற்பது வருடம் கழித்தும் இவற்றை ஒப்பிடுகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே பாட்டுதான்: ஜூனோ சுலபம், ஒலி 'வார்ம்', டிஎக்ஸ்7 தலைவலி, ஒலி 'டிஜிட்டல்'. இதில் பாதி உண்மை. மீதிப் பாதியில் டிஎக்ஸ்7-க்குக் கொஞ்சம் அநியாயம் நடந்திருக்கிறது என்பது என் கட்சி. அதைப் புரிந்துகொள்ள இரண்டும் ஒலியை எப்படி உண்டாக்குகின்றன என்று பார்க்க வேண்டும்.

ஜூனோவின் வழி பழைய வழி. முதலில் தேவைக்கு மேல் நிறைய ஒலியை உண்டாக்கிக்கொண்டு, வேண்டாததை வெட்டி எறிவது. ரம்பப் பல் வடிவ அலை ஒன்றை எடுத்தால் அதற்குள் அடிப்படை சுருதியும், அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேல் சுரங்கள் அத்தனையும் இருக்கும். அப்படியே கேட்டால் காது கூசும். ஃபில்டர் மேலேயிருப்பவற்றை வெட்டுகிறது. எங்கே வெட்டுவது, வெட்டும் இடத்தில் எவ்வளவு புடைப்பு வைப்பது, வெட்டு காலப்போக்கில் எப்படி நகர வேண்டும் என்பதுதான் இந்த வகைக் கருவிகளின் கலை முழுவதும்.

ஜூனோவின் முகப்பும் அதே வரிசையில்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. இடமிருந்து வலமாக எல்எஃப்ஓ, டிசிஓ, எச்பிஎஃப், விசிஎஃப், விசிஏ, என்வெலப், கோரஸ். அதாவது ஆட்டம், அலை பிறக்கும் இடம், கீழே வெட்டுவது, மேலே வெட்டுவது, சத்த அளவு, ஒலி எழுந்து அடங்கும் விதம், கடைசியில் பூச்சு. ஒரு வரி படிப்பது போலப் படித்துக்கொண்டே போகலாம். ஸ்லைடர் எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே ஒலி எப்படி இருக்கும் என்று ஊகிக்கவும் முடியும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மெமரியில் இருக்கும் ஒரு பேட்சை, அதாவது சேமித்து வைத்த ஒலியை, எடுத்தால் ஸ்லைடர்கள் தாமாக நகர்ந்து நிற்காது, அவை பழைய இடத்தில்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரிவது ஒன்று, காதுக்குக் கேட்பது ஒன்று. அதற்காகவே 'மேனுவல்' என்று ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். அதை அழுத்தினால் மெமரியை மறந்துவிட்டு, முகப்பில் இருக்கும் நிலையே ஒலியாகும்.

டிசிஓ என்ற எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு சிக்கனக் கதை உண்டு. அதற்கு முந்தைய அனலாக் கருவிகளில் அலையை உண்டாக்கிய விசிஓக்கள் சூட்டுக்கும் குளிருக்கும் சுருதி விலகும். கச்சேரிக்கு நடுவே தம்புராவைத் திருகுவது போல அவ்வப்போது அவற்றைச் சரிசெய்ய வேண்டும். ஜூனோவில் அலை அனலாக்தான், ஆனால் அது எத்தனை முறை துடிக்க வேண்டும் என்பதை ஒரு டிஜிட்டல் கடிகாரம் எண்ணிச் சொல்கிறது. அதனால் சுருதி அசையாது. ஒரு நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஆறு சுரங்களுக்கும் கடிகாரம் ஒன்றே.

இதிலேயே ஒரு குறையும் ஒளிந்திருந்தது. ரோலண்டின் அப்போதைய பெரிய கருவியான ஜுபிடர்-8-இல் ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு ஆசிலேட்டர்கள் (அலையை உண்டாக்குபவை) உண்டு. இரண்டும் இம்மியளவு விலகி ஒலிக்கும்போது வரும் தடிப்புக்குத்தான் ஜுபிடருக்கு அத்தனை பெயர். ஜூனோவில் சுரத்துக்கு ஒன்றுதான். அதோடு கீழ் ஸ்தாயியில் ஒரு துணை அலையைச் சேர்த்துக்கொள்ளலாம், கொஞ்சம் இரைச்சலும் கலக்கலாம். என்ன செய்தாலும் சுருதி சுத்தமான ஒற்றை ஆசிலேட்டர் மெலிந்துதான் ஒலிக்கும். ரோலண்ட் பொறியாளர்கள் இந்த மெலிவை மறைக்கப் பூசிய மருந்துதான் கோரஸ்.

கோரஸ் செய்வது இதுதான்: ஒலியின் பிரதி ஒன்றைச் சில மில்லிவிநாடி தாமதப்படுத்தி, அந்தத் தாமதத்தை மெதுவாகக் கூட்டியும் குறைத்தும் மூல ஒலியோடு சேர்ப்பது. தாமதம் கூடும்போது பிரதியின் சுருதி சற்றே இறங்கும், குறையும்போது ஏறும். இடது ஸ்பீக்கரில் ஏறும்போது வலது ஸ்பீக்கரில் இறங்கும். இந்த ஆட்டம் விநாடிக்கு ஒரு முறைகூட முழுதாக நடக்காத அளவுக்கு மெதுவானது. பட்டன் 'ஒன்று' மெது, 'இரண்டு' கொஞ்சம் வேகம். அதற்கு மேல் சரிசெய்ய எதுவும் இல்லை. ஒற்றைக் குரலில் பாடிக்கொண்டிருந்தவர் பின்னால் நான்கு பேர் வந்து நின்ற மாதிரி ஒலி சட்டென்று விரியும். கூடவே 'ஸ்ஸ்' என்று மெல்லிய இரைச்சலும் வரும், அது இலவச இணைப்பு. கோரஸை அணைத்துவிட்டு ஜூனோவைக் கேட்டால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். 'ஜூனோ ஒலி' என்று ஊரெல்லாம் கொண்டாடுவதில் சரிபாதியாவது இந்த இரண்டு பட்டன்களுடையது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

டிஎக்ஸ்7-உம் சுருதியை ஆட்டித்தான் ஒலியை உண்டாக்குகிறது. ஆட்டத்தின் வேகம்தான் வேறு.

வீணையில் ஒரு சுரத்தை அசைக்கும்போது விநாடிக்கு ஐந்து, ஆறு தடவை சுருதி மேலும் கீழும் போவதைக் காது தனித்தனியாக உணர்கிறது, கமகம் என்கிறோம். அந்த அசைவை ஐம்பது, நூறு, இருநூறு தடவையாக்கினால் என்ன ஆகும்? விரலால் முடியாது, கம்ப்யூட்டரால் முடியும். 1967-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சவுனிங் என்ற இசையமைப்பாளர் வைப்ரேட்டோவை இப்படி அளவுக்கு மீறி வேகப்படுத்திப் பார்த்தார். ஒரு கட்டத்துக்கு மேல் அசைவு காதுக்குத் தெரியவில்லை. அதற்குப் பதில் புதிய நாதம் ஒன்று கேட்டது. 400 ஹெர்ட்ஸ் அலை ஒன்றை விநாடிக்கு 100 தடவை அசைத்தால் 300, 500, 200, 600 என்று இரண்டு பக்கமும் புதிய சுரங்கள் முளைக்கின்றன. அசைவு அகலமாக ஆக, முளைப்பவையும் அதிகமாகின்றன. இரண்டே இரண்டு எளிய அலைகளிலிருந்து ஒரு கூட்டமே பிறக்கிறது.

இதற்குப் பெயர் எஃப்.எம். சிந்தசிஸ், அதாவது ஃப்ரீக்வென்ஸி மாடுலேஷன், சுருதியை அசைப்பது. நுணுக்கம் பார்க்கிறவர்கள் டிஎக்ஸ்7 செய்வது ஃபேஸ் மாடுலேஷன், அதாவது அலையின் கட்டத்தை அசைப்பது, என்று திருத்துவார்கள். அவர்கள் சொல்வது சரிதான், ஆனால் காதுக்கு விளைவு ஒன்றே. சவுனிங் தன் கண்டுபிடிப்பைக் கட்டுரையாக வெளியிட்டது 1973-இல். அமெரிக்க ஆர்கன் கம்பெனிகளிடம் காட்டியபோது அவர்களுக்கு அது பிடிபடவில்லை. யமஹாவிலிருந்து வந்த பொறியாளருக்குச் சட்டென்று புரிந்தது. யமஹா உரிமம் வாங்கி, பத்து வருடம் உழைத்து, கடைசியில் டிஎக்ஸ்7-இல் அதைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தது. ஸ்டான்ஃபோர்டுக்கு அந்தக் காப்புரிமையில் 2 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது.

டிஎக்ஸ்7-இன் அடிப்படைச் சரக்கு சைன் அலை மட்டும்தான், அதாவது சுருதிக்கவையைத் தட்டினால் வரும் அந்த வெற்று ஒலி. யமஹாவின் சின்னத்தில் இருப்பவை மூன்று சுருதிக்கவைகள் என்பதை நினைத்தால் சிரிப்பு வரும், ஏதோ முன்கூட்டியே திட்டமிட்டதைப் போல. ஒவ்வொரு சுரத்துக்கும் ஆறு சைன் அலைகள், அவற்றை 'ஆபரேட்டர்' என்கிறார்கள். யார் யாரை அசைப்பது, யார் ஸ்பீக்கருக்குப் போவது என்ற ஏற்பாட்டுக்கு 'அல்காரிதம்' என்று பெயர். அப்படி 32 ஏற்பாடுகளின் படங்கள் கருவியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கின்றன. 16 சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கலாம் என்பதால், எல்லாக் கட்டைகளையும் அமுக்கினால் உள்ளே 96 அலைகள் கணக்கிடப்படுகின்றன.

அசைக்கும் அலைக்கும் அசைபடும் அலைக்கும் உள்ள விகிதம் முழு எண்ணாக இருந்தால் சுருதி சேரும், தந்தி, குழல் வகை ஒலிகள் வரும். முழு எண்ணிலிருந்து விலகினால் முளைக்கும் சுரங்கள் ஒன்றோடொன்று சேராது. கோயில் மணியில் கேட்பது இதே சேராமைதான். அதனால்தான் மணி, தட்டு, மரக்கட்டை வாத்திய ஒலிகளில் டிஎக்ஸ்7-ஐ ஜூனோவால் தொடவே முடியாது. எத்தனை அழகாக வெட்டினாலும் ரம்பப் பல் அலைக்குள் இல்லாத சுரத்தை ஃபில்டரால் கொண்டுவர முடியுமா?

இ.பியானோ 1-க்குத் திரும்புவோம். அது ஐந்தாவது அல்காரிதம், இரண்டிரண்டாக மூன்று ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அசைக்கிறது, ஒன்று அசைபடுகிறது. ஒரு ஜோடியில் அசைக்கும் அலையின் விகிதம் 14. அந்த உயரத்தில் பிறப்பதுதான் 'டிங்'. அதற்கென்று தனி என்வெலப் உண்டு, அதனால் ஒரு நொடியில் அது இறந்துவிடுகிறது, மற்ற இரண்டு ஜோடிகள் உடலாக நிற்கின்றன. கட்டையை அடிக்கும் வேகம் அந்த அசைப்பவரின் அளவைத் தீர்மானிக்கிறது. மெல்ல அடித்தால் அசைவு குறைவு, 'டிங்' இல்லை. ஓங்கினால் அசைவு அதிகம், 'டிங்' உண்டு.

முதல் பத்தியில் கேட்டதற்கு விளக்கம் இதுதான். இங்கேதான் என் வாதமும் இருக்கிறது. அசைப்பவரின் அளவு என்பது ஒலி எவ்வளவு பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. ஜூனோவில் அந்த வேலையைச் செய்வது ஃபில்டர் ஸ்லைடர். ஆக, டிஎக்ஸ்7-இல் ஃபில்டர் ஸ்லைடர் இல்லாமல் போகவில்லை. அது 61 கட்டைகளுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனியாக, அடிக்கும் கணத்திலேயே, விரல் நுனியில். பித்தளை வாத்தியமானாலும் நாதஸ்வரமானாலும் ஊதுகிற வேகம் கூடினால் சத்தத்தோடு பளிச்சும் கூடும், இசைக் கருவிகளுக்கு அது இயற்கை. டிஎக்ஸ்7 அந்த இயற்கைக்கு ஜூனோவைவிடப் பக்கத்தில் இருக்கிறது. போதாததற்கு, அடித்த பிறகு கட்டையை இன்னும் அழுத்தினாலும் ஒலி மாறும்படி வைக்கலாம், வாயில் கவ்வி ஊதும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியையும் மாட்டலாம். 'டிஎக்ஸ்7-இல் கட்டுப்பாடு இல்லை' என்று சொல்கிறவர் அதன் பட்டன்களை மட்டும் பார்த்திருக்கிறார், வாசித்துப் பார்க்கவில்லை.

ஆனால் பட்டன்களைப் பற்றிச் சொல்வது உண்மைதான். அதில் நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

புதிதாக ஓர் ஒலியை உண்டாக்க வேண்டும் என்று டிஎக்ஸ்7 முன்னால் உட்கார்ந்தால் தெரியும். தட்டையான சவ்வுப் பட்டன்கள், அழுத்தினோமா இல்லையா என்று விரலுக்கே சந்தேகம் வரும். இரண்டு வரி, வரிக்கு 16 எழுத்து காட்டும் சின்னத் திரை, பின்னால் விளக்கு கிடையாது. மதிப்பை மாற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஸ்லைடர், பக்கத்தில் ஒன்று கூட்ட, ஒன்று குறைக்க இரண்டு பட்டன்கள். எடிட் பட்டனை அழுத்தி, எந்த ஆபரேட்டர் என்று தேர்ந்தெடுத்து, எந்த அளவு என்று இன்னொரு பட்டனை அழுத்தி, ஸ்லைடரை நகர்த்தி, கேட்டுப் பார்த்து, அடுத்த ஆபரேட்டருக்குப் போய், மறுபடியும் முதலிலிருந்து. என்வெலப் மட்டும் பாருங்கள்: நான்கு வேகங்கள், நான்கு நிலைகள், ஆக எட்டு எண்கள். ஆறு ஆபரேட்டருக்கும் சுருதிக்கும் சேர்த்து ஏழு என்வெலப்புகள். 56 எண்கள். ஜூனோவில் இதற்கு நான்கு ஸ்லைடர்கள், அவ்வளவுதான்.

ஒரு ஒலியை மிடி வழியே அனுப்பும்போது எவ்வளவு தகவல் போகிறது என்பது இன்னும் நேரடியான கணக்கு. ஜூனோ-106-இன் பேட்ச் ஒன்றுக்கு 18 பைட்: 16 ஸ்லைடர்களுக்கு ஆளுக்கொன்று, பட்டன்களுக்கு இரண்டு. டிஎக்ஸ்7-க்கு 155 பைட். அதில் பத்து, ஒலியின் பெயருக்கு, மீதி 145 ஒலியின் அளவுகளுக்கு. பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஜூனோவின் 128 ஒலிகளுக்கும் பெயரே கிடையாது. ஏ-11, பி-47 என்று ஜெயில் கைதிகள் மாதிரி எண்கள்தான். டிஎக்ஸ்7-இன் ஒலிகளுக்கு இ.பியானோ 1, பேஸ் 1, டப் பெல்ஸ் என்று பெயர்கள் உண்டு. 'அந்த இ.பியானோ போடுப்பா' என்று ஸ்டூடியோவில் கேட்க முடிந்ததே அதனால்தான். பெயர் இருக்கும் ஒலியைத் தேடிப் போவார்கள், பெயரில்லாத ஒலியைக் கொஞ்சம் நகர்த்திப் பார்ப்பார்கள். இந்தச் சின்ன விஷயமும் இரண்டு கருவிகளின் தலையெழுத்தைப் பாதித்தது என்றே நினைக்கிறேன்.

தலையெழுத்து என்ன? டிஎக்ஸ்7 லட்சத்துக்கு மேல் விற்றது, ஆனால் மிகச் சிலரே அதில் சொந்த ஒலி செய்தார்கள். இசைக்கலைஞர் பிரையன் ஈனோ போன்ற விதிவிலக்குகள் உண்டு. மற்றவர்கள் டேவிட் பிரிஸ்டோவும் கேரி லியூன்பெர்கரும் யமஹாவுக்காகச் செய்துகொடுத்த ஒலிகளை அப்படியே வாசித்தார்கள். ரிப்பேருக்கு வரும் டிஎக்ஸ்7-களைத் திறந்தால் கம்பெனி ஒலிகள் தொடப்படாமலேயே இருக்கும் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. விளைவு, 80-களின் காதல் பாட்டுகளில் பாதிக்கு ஒரே பியானோ. அதைக் கேட்டாலே அந்தக் காலம் நினைவுக்கு வருவதற்குக் காரணம் ஒலியின் குணம் மட்டுமில்லை, மாற்ற யாருக்கும் பொறுமை இல்லாததும்தான்.

அப்படியென்றால் 145 அளவுகளுக்கும் ஆளுக்கொரு நாப் (திருகு) வைத்துவிட்டால் டிஎக்ஸ்7 ஜூனோவைப் போல ஆகிவிடுமா? இதை யாரும் முயலாமலும் இல்லை. ஜெர்மனியின் ஜெல்லிங்ஹவுஸ் நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட நாப்கள் கொண்ட பெட்டி ஒன்றை டிஎக்ஸ்7-க்கென்றே செய்தது. மிகக் கொஞ்சம்தான் தயாரானது, இன்று அது அபூர்வப் பொருள். பிரச்சினை நாப் இல்லாதது மட்டும் என்றால் அது பிய்த்துக்கொண்டு போயிருக்க வேண்டும். ஃபில்டரை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே தெரியும், இன்னும் ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் அதே திசையில் இன்னும் கொஞ்சம் போகும். எஃப்.எம்.மில் ஓர் ஆபரேட்டரின் அளவை 60-இலிருந்து 70-க்கு ஏற்றினால் ஒன்றும் பெரிதாக நடக்காது, 80-க்கு ஏற்றினால் ஒலி அடையாளம் தெரியாமல் மாறும், விகிதத்தை ஓர் எண் தள்ளினால் வேறு வாத்தியமே வந்து நிற்கும். ஒன்றை மாற்றினால் அதன் கீழிருப்பவை எல்லாம் மாறும். சமையலில் உப்பைக் கூட்டுவது மாதிரி இல்லை இது. உப்பைக் கூட்டினால் புளி இனிப்பாகிவிடுகிற சமையல்.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. டிஎக்ஸ்7-இன் வெளியீடு மோனோ, எஃபெக்ட் எதுவும் உள்ளே கிடையாது. பச்சையாகக் கேட்டால் வறண்டிருக்கும். அந்தக் காலத்தில் பலரும் வெளியிலிருந்து கோரஸ் பூசித்தான் வாசித்தார்கள். அதாவது டிஎக்ஸ்7 'குளிர்ச்சி', ஜூனோ 'கதகதப்பு' என்று சொல்கிறவர்கள் பல நேரம் கோரஸ் இல்லாத கருவியைக் கோரஸ் உள்ள கருவியோடு ஒப்பிடுகிறார்கள். இரண்டையும் ஒரே கோரஸில் விட்டுக் கேட்டால் இடைவெளி பாதியாகக் குறையும். மிச்ச இடைவெளி உண்மையானது. நீண்ட தந்திக் கூட்டம், மெல்லத் திறந்து பின்னணியில் நீளும் 'பேட்' ஒலி, துணை அலையோடு உறுமும் பேஸ், இவையெல்லாம் ஜூனோவின் சொத்து. டிஎக்ஸ்7-இல் தந்தி ஒலி கேட்டால் எனக்குத் தகரம்தான் ஞாபகம் வரும். இன்னொரு பக்கம், ஜூனோவில் பெடலை அழுத்தி பியானோ போல வாசிக்கத் தொடங்கினால் ஏழாவது சுரத்தில் முதல் சுரம் காணாமல் போகும். ஆறுக்கு மேல் அதனிடம் இல்லை.

இரண்டையும் மிடி கேபிளில் கோத்து, டிஎக்ஸ்7-இல் வாசித்தால் ஜூனோவும் சேர்ந்து ஒலிக்கும்படி செய்தவர்கள் உண்டு: முன்னால் 'டிங்', பின்னால் தந்திக் கூட்டம். டிஎக்ஸ்7 மிடியில் முதல் சேனலில் மட்டுமே அனுப்பும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 1987-இல் ரோலண்ட் கொண்டுவந்த டி-50 இந்தக் கூட்டணியையே ஒரு பெட்டிக்குள் அடைத்தது எனலாம். ஒலியின் தொடக்கத்துக்குப் பதிவு செய்த துணுக்கு, தொடர்ச்சிக்குச் செயற்கை அலை, கூடவே கோரஸும் ரிவெர்பும் (எதிரொலிப்பு). டிஎக்ஸ்7-ஐ அரியணையிலிருந்து இறக்கியது அதுதான்.

நடுவில் நடந்த வேடிக்கை ஒன்று. டிஎக்ஸ்7-இன் விற்பனை பார்த்த மற்ற கம்பெனிகள் அதன் ஒலியைக் காப்பியடிக்க முடியாமல் அதன் முகத்தைக் காப்பியடித்தன. ரோலண்டே 1985-இல் ஆல்ஃபா ஜூனோவைக் கொண்டுவந்தபோது ஸ்லைடர்களைக் கழற்றிவிட்டு ஒற்றை வட்டச் சக்கரத்தை வைத்தது. ஸ்லைடர் வேண்டுமென்றால் பிஜி-300 என்ற பெட்டியைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்தக் கண்ணோட்டத்தில் 1984-இன் 106 ஒரு பழம்பஞ்சாங்கம். இன்று பழைய கீபோர்டு தேடி அலைகிறவர்கள் அந்தப் பஞ்சாங்கத்துக்குத்தான் அதிக விலை தருகிறார்கள்.

பழையதை வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒன்றிரண்டு. ஜூனோ-106-இல் ஒவ்வொரு சுரத்தின் ஃபில்டரும் 80017ஏ என்ற சின்ன மாட்யூலுக்குள் இருக்கிறது. அதன் மேல் பூசிய எபாக்ஸி பிசின் வருடங்கள் போகப் போக மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்கும். ஆறில் ஒன்று போனால் ஆறு அடிக்கு ஓர் அடி கரகரக்கும், அல்லது ஊமையாகும். கீ டிரான்ஸ்போஸ் பட்டனைப் பிடித்தபடி ஸ்விட்சைப் போட்டால் சோதனை நிலைக்குப் போகும். அப்போது ஒவ்வொரு கட்டைக்கும் எந்த மாட்யூல் ஒலிக்கிறது என்று திரையில் எண் வரும். வாங்கும் முன் இதைச் செய்து பார்க்காமல் காசை நீட்டாதீர்கள். அசிட்டோனில் ஊறவைத்துப் பூச்சைக் களைவதும் உண்டு, புதிதாகச் செய்த மாற்று மாட்யூல்களும் கிடைக்கின்றன. டிஎக்ஸ்7-இல் பெரிய கவலை உள்ளிருக்கும் பட்டன் பேட்டரி. அது தீர்ந்தால் 32 ஒலிகளும் போய்விடும், நகல் எடுத்து வைத்திருந்தால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்.

காசு செலவழிக்காமல் வித்தியாசத்தை உணர டெக்ஸ்ட் (Dexed) என்ற இலவச மென்பொருள் போதும், டிஎக்ஸ்7-இன் 145 அளவுகளும் அதில் ஒரே திரையில் பரந்து கிடக்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெற்று நிலைக்கு வாருங்கள். முதல் ஆபரேட்டர் மட்டும் 99-இல் இருக்கும், மற்றவை சுழி. வாசித்தால் சுருதிக்கவை ஒலி. இப்போது இரண்டாவது ஆபரேட்டரின் அளவை மட்டும் மெல்ல ஏற்றுங்கள். 'ஊ'விலிருந்து 'ஆ'வுக்குப் போவது போல ஒலி திறக்கும், ஃபில்டர் எதுவும் இல்லாமலேயே. பிறகு அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, இரண்டாவதன் விகிதத்தை 1-இலிருந்து 14 ஆக்குங்கள்: பியானோவின் 'டிங்' தனியாக மினுங்கும். அதையே 3.50 ஆக்கிப் பாருங்கள். மணி அடிக்கும்.